காளான் கறியும் வாப்பாவின் குளிசையும்

ஹெந்தளைச் சந்தியில் வாங்கும் சிப்பிக் காளானை எங்கள் வீட்டில் கிழமைக்கு ஒரு நாளாவது சமைப்போம். "காளானில் கொலஸ்ட்ரோலுக்கு மருந்து இருக்கிறதாம்" என்று யாரோ சொல்லக் கேட்ட வாப்பா, தமது குளிசையை நிறுத்தப் பார்த்தார். அதனால்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன்.

வாப்பா கேட்டது முழுப் பொய்யல்ல. சிப்பிக் காளானில் லோவாஸ்டாட்டின் என்னும் பொருள் உண்டு. 1987இல் அமெரிக்காவில் கொலஸ்ட்ரோல் மருந்தாக அனுமதி பெற்றதும் இதே பொருள்தான். ஆனால் குளிசையில் இத்தனை மில்லிகிராம் என்று அளவு உண்டு. காளானிலோ அது இனத்துக்கு இனம், வளர்க்கும் முறைக்கு ஏற்ப மாறும். அளவு தெரியாததை மருந்தென நம்பலாமா?

யப்பானில் ஷிடாக்கே காளானிலிருந்து லென்டினன் என்னும் பொருளை 1969இல் பிரித்தெடுத்தார்கள். இரைப்பைப் புற்றுநோய்க்கு அதை மற்ற மருந்துகளுடன் சேர்த்து ஊசியாகவே ஏற்றினார்கள், கறியாகக் கொடுக்கவில்லை.

அப்படியானால் காளானால் பயனில்லையா? நிறையவே உண்டு. கொழுப்புக் குறைவு, நார்ச்சத்து உண்டு. காளானிலுள்ள எர்கோஸ்டெரோல் வெயில் பட்டால் விற்றமின் டீ2 ஆக மாறும். சமைக்குமுன் நறுக்கி, நண்பகல் வெயிலில் அரை மணி நேரம் வைத்தால் போதும். பகலெல்லாம் வகுப்பறையில் இருக்கும் நமக்கு இது நல்லதோர் உணவு.

நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியிருப்பதை வாப்பாவுக்கு நினைவூட்டினேன். டொக்டரிடம் கேட்காமல் குளிசையை நிறுத்துவதில்லை என்று ஒப்புக்கொண்டார். காளானை வெயிலில் வைப்பது இப்போது அவருடைய வேலை.