லிப்ட் தூக்கலையா? பம்பை மாத்துறதுக்கு முன்னாடி பார்ப்போம்



லப்பைக்குடிக்காடு, வெள்ளாற்றங்கரைப் பக்கம் வீட்டு ஆம்பளைங்க பலர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார்கள். இங்கே நிலமும், டிராக்டரும், அதன் கடன் தவணையும் நம் பொறுப்பு. புரட்டாசி மழையில் மக்காச்சோளமும் பருத்தியும் விதைக்கிற நேரம் பார்த்து கலப்பை மேலே ஏறாது. "ஹைட்ராலிக் பம்ப் போச்சும்மா, மாத்தணும்" என்பார்கள். போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். பல ஆயிரம் ரூபாய்க்குத் தலையாட்டும் முன் எதை எதைப் பார்க்கணும் என்பதே இந்த மாதப் பாடம்.

லிப்ட் எப்படித் தூக்குகிறது?

எஞ்சின் ஓடும்போது பம்ப் சுத்தும். அது ஆயிலை உறிஞ்சி, வால்வு வழியாக சிலிண்டருக்குத் தள்ளும். சிலிண்டருக்குள் பிஸ்டன் நகர்ந்து லிப்ட் கைகளைத் தூக்கும். ஹாரி பெர்குசன் வடிவமைத்து 1936-ல் விற்பனைக்கு வந்த டிராக்டரிலேயே இந்த முறை இருந்தது. ஜேசிபி, பாப்கேட் லோடர் எல்லாவற்றிலும் அடிப்படை இதுதான்.

ஆயிலைத் தள்ளுவது மட்டும்தான் பம்பின் வேலை. தூக்கியதைத் தாங்கிப் பிடிப்பது வால்வும் சிலிண்டர் சீலும். இதைப் புரிஞ்சுகிட்டா பாதிப் பாடம் முடிஞ்சது.

முதலில் நாமே பார்க்க வேண்டியவை

1. ஆயில் அளவு: வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கலப்பையை இறக்கி, எஞ்சினை அணைத்துவிட்டு அளவுக் குச்சியைப் பார்ப்போம். கிணத்துல தண்ணி இல்லாதப்போ மோட்டாரை மாத்தி என்ன பயன்?

2. ஆயில் நிறம்: மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நுரை கட்டினால் உறிஞ்சும் குழாயிலோ ஓ-ரிங்கிலோ காத்து இழுக்கலாம்.

3. ஃபில்டர்: அடைத்துக்கொண்டால் ஆயில் போதாமல் பம்ப் கத்தும். ஃபில்டரில் பளபளவென்று இரும்புத் தூள் இருந்தால் உள்ளே ஏதோ தேய்கிறது; பம்ப் மேல் சந்தேகம் வரும்.

4. கசிவு: கையால் தடவவே கூடாது. அட்டையைப் பிடித்துப் பார்க்கணும். ஊசிமுனை ஓட்டையில் பீச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி ஆனால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். தூக்கிய கலப்பைக்கு அடியில் யாரும் நுழையக் கூடாது.

அறிகுறி என்ன சொல்லுது?

* தூக்குது, எஞ்சினை நிறுத்தினதும் தானா இறங்குது: இது பம்ப் குற்றமில்லை. சிலிண்டர் சீலையும் வால்வையும் பார்க்கணும்.

* வெறுமனே தூக்குது, பாரம் வச்சா முடியலை: பம்ப் தேய்ந்திருக்கலாம். ரிலீஃப் வால்வு சீக்கிரமே திறந்துகொள்ளலாம். சீல் கசியலாம். மூன்றையும் பார்க்கணும்.

* காலையில் நல்லா தூக்குது, சூடானதும் மந்தம்: சூட்டில் ஆயில் இளகி, தேய்ந்த இடைவெளி வழியே நழுவுகிறது. சரியான ஆயில்தான் ஊற்றியிருக்கிறோம் என்றால் பம்ப் மேல் சந்தேகம் பலம்.

* துளியும் அசையலை: ஆயில் இருந்தால், பம்பைச் சுத்தவைக்கும் இணைப்பு, லிவர், வால்வு சிக்கல் இவற்றைப் பார்த்த பிறகே பம்ப்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை

"பிரஷர் கேஜ் வச்சுப் பார்த்தீங்களா அண்ணே? வண்டி புத்தகத்தில் எவ்வளவு இருக்கு, இங்கே எவ்வளவு காட்டுது? குறைஞ்சா ரிலீஃப் வால்வு சரியா இருக்கான்னு பார்த்தாச்சா?" இப்படிக் கேட்பது சண்டையில்லை. நல்ல மெக்கானிக் மகிழ்ச்சியாகவே பதில் சொல்வார். இந்தச் சோதனையை அவர்தான் செய்யணும்; குழாயைக் கழட்டி நாம் முயற்சிக்க வேண்டாம்.

பம்ப் போனது உறுதியானால் மாத்தித்தான் ஆகணும். அப்போது பழைய ஆயிலை வடித்து, குழாய்களைச் சுத்தம் செய்து, புது ஃபில்டர் போடச் சொல்லணும். இல்லாவிட்டால் மிச்சமிருக்கும் இரும்புத் தூள் புதுப் பம்பையும் தின்றுவிடும். பழைய பம்பையும் பில்லையும் கேட்டு வாங்கி வைப்போம்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

* நம் குழுவில் யார் வீட்டு வண்டிக்கு ஆயில், ஃபில்டர் மாத்திய தேதி எழுதி வைத்திருக்கிறது?

* டிரைவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இந்த வாரம் நாமே ஒரு முறை ஆயில் அளவு பார்க்கலாமா?