லேப்டாப் வாங்கும் முன் விற்பவரையும் பாருங்கள்

காந்தி சாலையில் பட்டுச் சேலை வாங்கப் போனால், அனுபவமுள்ள கடைக்காரர் முதலில் கேட்பது "யாருக்கு, என்ன விசேஷம்?" என்றுதான். கோர்வையா, ஜரிகை அசலா என்று கேட்டால் விரித்துக் காட்டிச் சொல்வார். (எல்லாரும் அப்படி இல்லை என்பது காஞ்சிபுரத்தாருக்குத் தெரியும்.) லேப்டாப் கடையிலோ முதல் கேள்வியே "பட்ஜெட் எவ்வளவு?" என்பதுதான்.

நம் கல்வி உதவி பெற்ற மாணவி ஒருவர் சிவில் இன்ஜினீயரிங் சேர்ந்தார். தறி நெய்யும் அவருடைய அத்தா, உதவித் தொகையோடு கைப்பணத்தையும் சேர்த்து 32,000 ரூபாய்க்கு ஒரு லேப்டாப் வாங்கினார். 4 ஜிபி ரேம். "வேணும்னா பின்னால கூட்டிக்கலாம் பாய்" என்றாராம் விற்பனையாளர். ஆட்டோகேட் மென்பொருளுக்குக் குறைந்தது 8 ஜிபி வேண்டும். கூட்டலாம் என்று கழற்றிப் பார்த்தால், ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருந்தது. கூடுதலாகச் செருக இடமே இல்லை. அந்தத் தம்பி வேண்டுமென்று பொய் சொன்னதாக நாம் நினைக்கவில்லை. அவருக்குத் தெரியவில்லை, தெரியாது என்று சொல்லவும் இல்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு, விவரம் தெரிந்த ஒருவரைக் கூட அனுப்பாதது எங்கள் தவறு.

பெரிய கடைகளில் நிற்பவர்களில் சிலர் கடை ஊழியரே அல்ல. ஒரு கம்பெனி தன் சரக்கை விற்க நிறுத்திய ஆட்கள். அவர் தன் கம்பெனி மாடலைத்தான் புகழ்வார். எனவே "நீங்கள் கடை ஆளா, கம்பெனி ஆளா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

"ஐ5" என்று மட்டும் சொன்னால் போதாது. இன்டெல் ஐ5-1235யூ என்றால் 12ஆம் தலைமுறை. ஐ5-7200யூ என்றால் 7ஆம் தலைமுறை. ஒரே ஐ5 தான், ஆனால் பின்னதில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவோ 14 அக்டோபர் 2025 அன்றே முடிந்துவிட்டது. பழைய லேப்டாப்பைப் புதுப்பித்து விற்கும் கடைகளில் இந்த எண்ணைக் கட்டாயம் பாருங்கள். எண்ணைக் கேட்டதும் பெட்டியைத் திருப்பிப் படித்துக் காட்டும் விற்பனையாளரை நம்பலாம். "எல்லாம் ஒண்ணுதான்" என்பவரிடம் வாங்காதீர்கள்.

பில் வாங்காமல் வராதீர்கள். பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை.

இந்த வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. நாள் முழுக்க நிற்பதும், மாத டார்கெட்டும் எளிதல்ல. ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழகத்தில் சட்டமே வந்தது. ஆனாலும் ஈரத் தானியத்தை அடியில் மறைத்து விற்றவரை நபி (ஸல்) கண்டித்த செய்தி ஷோரூமுக்கும் பொருந்தும். "எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லப் பழகுங்கள்.

இவ்வாண்டு உதவி பெறுவோர் பணம் கட்டும் முன் மாடல் எண்ணை எழுதிக்கொண்டு அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகம் வாருங்கள். பார்த்துச் சொல்ல ஒருவர் இருப்பார்.