ஐந்து மணிச் சோறு

ஒஸ்லோவில் சலரோகக்காரருக்கு இரண்டு நாட்காட்டி வேண்டும். யூன் மாதத்தில் பகல் பத்தொன்பது மணித்தியாலத்துக்குக் கிட்ட நீளும். டிசெம்பரில் ஆறைக்கூடத் தொடாது. கோடையில் தானாக நடக்கிற கால் மாரியில் கதிரையை விட்டு எழும்ப மறுக்கும். "அளவாகச் சாப்பிடுங்கோ, ஒவ்வொரு நாளும் நடவுங்கோ" என்ற ஒற்றைப் புத்திமதியை வைத்துக்கொண்டு வருடம் முழுக்க இங்கே சீனியைக் கட்டுக்குள் வைக்க ஏலாது.

எங்கள் ஆட்களுக்கு இந்த வருத்தம் கூட என்பது வெறும் பேச்சு அல்ல. 2000ஆம் ஆண்டு நகரின் வடகிழக்கில் ரொம்சோஸ் பகுதியில் நடந்த ஆய்வில், தெற்காசியப் பெண்களில் நாலில் ஒருவருக்கு மேல் நீரிழிவு இருந்தது. அதே இடத்து மேற்கத்தியப் பெண்களில் நூற்றுக்கு மூன்று பேரளவில்தான். அதன் பிறகு அங்கே நடைக் குழுக்கள் அமைத்து ஆட்களை வெளியில் இறக்கினார்கள். அசையாமல் இருந்தவர்களின் தொகையும் குறைந்தது.

என் சீனியில் பெரிய மாற்றம் கொண்டுவந்தது சாப்பாட்டு நேரம். நோர்வேக்காரர் பின்னேரம் நாலு, ஐந்து மணிக்கே சூடான சாப்பாட்டை முடித்துவிடுவார்கள். நாங்களோ வேலையால் வந்து தேத்தண்ணியோடு றோல்ஸோ மிக்சரோ கடித்து, ஒன்பது மணிக்கு மேல் சோறு சாப்பிட்டு, அப்படியே படுப்போம். இரவில் உடம்பு சீனியைக் கையாளும் திறன் குறைவு. அவித்த உருளைக்கிழங்குக்கு மாற எனக்கு மனமில்லை. அவர்களுடைய நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். சோறும் கறியும் ஐந்து மணிக்கு. கோப்பையில் பாதி கோவா, போஞ்சி, கீரை, கால்வாசி மீன் அல்லது பருப்பு, மிச்சம் சோறு. அந்தச் சோற்றிலும் பாதி பார்லி. சொதி விட்டால் வித்தியாசம் தெரியாது. எட்டரைக்குப் பசித்தால் ஒரு துண்டு பாண். பாணின் நிறத்தைப் பார்த்து வாங்கக் கூடாது. பையில் நாலு கூறாகப் பிரித்த வட்டம் ஒன்று இருக்கும். நாலும் நிறைந்திருந்தால் 75 வீதத்துக்கு மேல் முழுத்தானியம்.

பின்னேர வேலை நாட்களில் இது சரிவராது. அப்போது பெட்டியில் கட்டிக்கொண்டுபோய் இடைவேளையில் சாப்பிடுவேன். வீடு திரும்பியபின் சோற்றுப் பானையைத் திறப்பதில்லை.

சாப்பிட்ட கையோடு கால் மணி நேரம் நடக்க வேண்டும். மாரியில் சப்பாத்தின் அடியில் இரும்பு முள் மாட்டாமல் வெளியே இறங்காதீர்கள். பனிக்கட்டியில் விழுந்து இடுப்பு உடைந்தால் பிறகு நடையே இல்லை. மிகவும் மோசமான நாட்களில் மாடிப்படி போதும். கோடை ஞாயிறுகளில் சுரங்க ரயிலின் கடைசித் தரிப்பான சொங்ஸ்வானில் இறங்கி ஏரியைச் சுற்றினால் மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட. பாதை சமதரை, முழங்கால் நோகாது.

பாதத்தைப் பற்றி எங்கட ஆட்கள் கதைப்பது குறைவு. நரம்பு மரத்தவருக்குக் குத்துவது தெரியாது. மாரியில் வழுக்காமல் இருக்க வீதியில் கொட்டும் சிறு கற்கள் சப்பாத்துக்குள் புகுந்துவிடும். போடமுன் கவிழ்த்துத் தட்டுங்கள். கம்பளிக் காலுறை போட்டால் விரல் அசைய இடமுள்ள சப்பாத்து வேண்டும். இரவில் நிலத்தில் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்ப்பேன். குதிக்காலுக்குக் கிறீம் பூசலாம், விரலிடுக்கில் கூடாது. விறைத்த காலைச் சூடாக்கியில் ஒட்டிவைப்பது எல்லாவற்றிலும் ஆபத்து: சுட்டது தெரியாமலே கொப்புளம் வந்துவிடும். சின்னப் புண்ணானாலும் வைத்தியரை அழைப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

சீனி பார்க்கும் கருவியும் கடும் குளிரில் பிழை காட்டும். இன்சுலின் உறைந்தால் எறிய வேண்டியதுதான். இரண்டுக்கும் இடம் மேலங்கியின் உட்பை. மெற்போமின் நீண்டகாலம் எடுப்பவர்கள் பி12 அளவையும் கேட்டுப் பாருங்கள். இந்த இருட்டில் விற்றமின் டியும் குறையும். ஒரு தேக்கரண்டி மீன் ஈரல் எண்ணெயில் 10 மைக்ரோகிராம் உண்டு.

யாழ்ப்பாணத்திலிருந்து அண்ணா தன் சீனி 140 என்பார், என் கருவி 7.8 காட்டும். 18ஆல் பெருக்கினால் இரண்டும் ஒன்றே. சீனியின் மூன்றுமாதச் சராசரியை நோர்வேயில் 2018இல் வீதத்திலிருந்து வேறு அலகுக்கு மாற்றினார்கள். பழைய 7 வீதம் இப்போது 53. வைத்தியர் சொல்வது விளங்காவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டுபோய் மொழிபெயர்க்க வைப்பதை 2022இல் வந்த சட்டம் தடுக்கிறது. நல்ல சட்டம். தாயின் வருத்தத்தைப் பத்து வயதுப் பிள்ளை ஏன் சுமக்க வேண்டும்?

சனிக்கிழமைக் கொண்டாட்டங்கள் தனிச் சோதனை. மண்டபத்தில் சாப்பாடு வர பத்து மணியாகும். ஐந்து மணிச் சோற்றை வீட்டிலேயே முடித்துவிட்டுப் போவேன்.

"என்ன அக்கா, ஒண்டும் எடுக்கேல்லையே?"

"பேந்து எடுக்கிறன் தங்கச்சி."

அதற்கு மேல் விளக்கம் சொல்வதில்லை. சொன்னால் பாவற்காய்ச் சாறு, வெந்தயம், கறுவா என்று மேசை முழுக்க வைத்தியர்கள் முளைப்பார்கள்.

விரதம் வேறு விடயம். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் பட்டினி கிடப்பவர்கள் உண்டு. இன்சுலினும் சில குளிசைகளும் வெறும் வயிற்றில் சீனியை ஆபத்தாக இறக்கும் என்பதால், நான் சில வாரம் முன்பே வைத்தியரிடம் கேட்டு, ஒருநேரச் சாப்பாட்டோடு பால் பழமும் எடுத்து இருப்பேன். சீனி 4க்குக் கீழே போனால் விரதம் அந்த இடத்தில் முடிந்தது. அம்மெரூட் சிவசுப்பிரமணியர் ஆலயத்துக்குப் போகும்போது கைப்பையில் பழச்சாறு இருக்கும். பக்கத்தில் நிற்கிற அக்காவிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்: "எனக்கு வியர்த்துத் தலை சுத்தினால் திருநீறு பிறகு பூசலாம், முதல் இதைக் குடிக்கத் தாங்கோ."