அடியும் அச்சமும்

இளந்தம்பதிகளிடையேயும் காதலரிடையேயும் நிகழும் வன்முறையைக் கணக்கிட முடியுமா? முடியும். ஆயினும் வினா எத்தகையதோ விடையும் அத்தகையதே. ஆதலின் இவ்வாராய்ச்சி வளர்ந்த வகையைச் சுருங்கக் காண்போம்.

அமெரிக்க சமூகவியல் அறிஞர் மரே ஸ்ட்ராஸ் 1979-இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார். தள்ளுதல், அறைதல், உதைத்தல் முதலிய செயல்கள் ஓராண்டில் எத்தனை முறை நிகழ்ந்தன என்று அது வினவிற்று. 1981-இல் ஜேம்ஸ் மேக்பீஸ் என்பார் 202 கல்லூரி மாணவரை ஆராய்ந்தார். அவர்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் காதலுறவில் வன்முறையோடு நேர்த்தொடர்பு உடையவராயிருந்தனர். மணத்திற்கு முன்னரே இத்தீமை தொடங்குகின்றது என்பது இதனால் விளங்கிற்று.

நியூஸிலாந்தின் டனீடின் நகரில் 1972–73-இல் பிறந்தோரை அவர்தம் 21-ஆம் வயதில் வினவினர். துணைவர்மீது கை நீட்டியதாக ஒப்புக்கொண்ட பெண்டிர் சுமார் 37 சதவிகிதம். ஆடவர் சுமார் 22 சதவிகிதம். இதுகொண்டு பெண்ணே கொடியவள் என முடிவு கட்டலாமோ? ஆகாது. செயலை எண்ணுவதால் மட்டும் காயமுற்றவர் யார், அஞ்சி வாழ்பவர் யார் என்பன புலப்படா. ஸ்ட்ராஸும் அவர் குழுவினரும் 1996-இல் தம் அளவுகோலைத் திருத்தியபோது, காயத்தையும் பாலுறவு வற்புறுத்தலையும் பற்றிய வினாக்களைச் சேர்த்தனர்.

அதற்கு முந்திய ஆண்டு, 1995-இல், மைக்கேல் ஜான்சன் இருவகை வன்முறையைப் பிரித்துக் காட்டினார். ஒன்று, பூசல் முற்றி அவ்வேளையில் கைகலப்பாவது. மற்றொன்று, ஒருவர் மற்றவரின் வாழ்வு முழுவதையும் தம் ஆணைக்குள் அடக்குவது. இரண்டாம் வகையில் அடி அரிதாக விழினும் அச்சம் நீங்குவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 10 நாடுகளில் 24,000-க்கு மேற்பட்ட பெண்டிரை வினவி 2005-இல் வெளியிட்ட அறிக்கையும் இதற்குச் சான்றாகும். தோழியரைக் காணவிடாமை, பெற்றோர் தொடர்பைத் தடுத்தல், எந்நேரமும் இருக்குமிடம் அறிய வற்புறுத்தல், பிற ஆடவரோடு பேசினாற் சினத்தல் ஆகியவை பற்றி அவ்வாய்வு வினவிற்று. வன்முறைக்கு ஆளான பெண்டிரே இத்தகைய கட்டுப்பாட்டிற்கும் மிகுதியாக ஆளாகியிருந்தனர்.

இந்தியாவின் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டமும் அடியோடு நில்லாது, சொல்லாலும் மனத்தாலும் பொருளாலும் இழைக்கும் கொடுமைகளை உள்ளடக்குகின்றது. திருமணத்தையொத்த உறவில் ஒரே இல்லத்தில் வாழும் பெண்ணுக்கும் அது பாதுகாப்பளிக்கும்.

எனவே இளைஞர் தம் உறவைச் சோதிக்குங்கால், “என்னை அடித்ததுண்டா?” என்பதோடு அமையலாகாது. “மறுத்துச் சொல்ல அஞ்சுகின்றேனா? என்னிடம் மறுத்துச் சொல்லப் பிறர் அஞ்சுகின்றனரா?” என்றும் வினவுதல் வேண்டும். இடைவிடாக் கண்காணிப்பை அன்பின் மிகுதி எனக் கொள்வது பிழை.