வாடகை விருந்தில் பிறந்த பாட்டு

கேள்வி: பீட்டில்ஸ் குழுவைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் 'ஸ்கிஃபிள்' என்ற சொல் வருகிறது. அது என்ன இசை? இங்கிலாந்தில் பிறந்ததுதானா?

பதில்: இல்லை. பெயரும் பாட்டும் அமெரிக்கக் கறுப்பின மக்களுடையவை. 1920களில் சிகாகோவில் வாடகை கட்டத் தவித்த கறுப்பினக் குடும்பங்கள், வீட்டிலேயே பாட்டும் ஆட்டமுமாக விருந்து வைத்து, வந்தவர்களிடம் சில்லறை வாங்கி வாடகையைச் சேர்த்தன. அந்த விருந்துக்கு வழங்கிய பேச்சுவழக்குப் பெயர்களில் ஒன்றுதான் ஸ்கிஃபிள். லூயிவில், மெம்ஃபிஸ் நகரங்களில் சாராய ஜாடியின் வாயில் ஊதி வாசித்த குழுக்கள் இதற்கு நெருங்கிய உறவு.

லண்டனில் கென் காலியர், கிறிஸ் பார்பர் ஆகியோரின் ஜாஸ் குழுக்கள், ஊதுகருவிக்காரர்கள் இளைப்பாறும் இடைவேளையில் இந்தப் பாடல்களைப் பாடின. பார்பர் குழுவின் லானி டோனகன் 1954 ஜூலையில் 'ராக் ஐலண்ட் லைன்' பாடலைப் பதிவு செய்தார். 1956இல் அது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதல் பத்துக்குள் வந்தது.

அதன்பின் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பிரிட்டனில் போர்க்கால உணவுப் பங்கீடு 1954இல்தான் முடிந்திருந்தது. ஸ்கிஃபிள் பாட விரும்பிய பையன்களின் கையில் காசில்லை. ஒரு மலிவு கிதார் கிடைத்தால் போதும், மற்றதெல்லாம் வீட்டிலேயே இருந்தது. வரிவரியான சலவைப் பலகையைத் தையல்காரர் விரலில் மாட்டும் உலோக உறையால் சுரண்டினால் தாளம். காலித் தேயிலைப் பெட்டியில் துடைப்பக் கம்பை நட்டு, ஒரு கயிற்றை இழுத்துக் கட்டினால் பேஸ். இலங்கை மலையகத்தில் நம் தமிழர் பறித்த தேயிலையும் அத்தகைய பெட்டிகளில்தான் கப்பலேறியது. கிதாரில் மூன்று சுரக்கூட்டு (chord) தெரிந்தவன் மேடையேறலாம் என்ற துணிச்சலை ஸ்கிஃபிள் கொடுத்தது. அதன் உண்மையான சாதனை இதுவே என்பேன்.

லிவர்பூலில் ஜான் லெனன் தொடங்கிய 'குவாரிமென்' அப்படியொரு குழு; பீட்டில்ஸாக வளர்ந்தது அதுவே. 1957 ஜூலை 6 அன்று ஒரு தேவாலய விழாவில் அது வாசித்தபோதுதான் பால் மெக்கார்ட்னி லெனனைச் சந்தித்தார். பின்னாளில் லெட் ஸெப்பெலின் ராக் குழுவைத் தொடங்கிய ஜிம்மி பேஜும் சிறுவனாக ஸ்கிஃபிள் வாசித்தவரே. 1958க்குள் அலை ஓய்ந்தது. பையன்கள் மின்கிதாருக்கு மாறினார்கள்.

டோனகனைப் புகழ்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 'ராக் ஐலண்ட் லைன்' பாடலை 1934இல் ஆர்கன்சா சிறையில் கைதிகள் பாட, நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஜான் லோமாக்ஸ் பதிவு செய்தார். உடன் சென்ற கறுப்பினப் பாடகர் லெட் பெல்லி அதைக் கற்றுத் தன் பாணியில் பாடினார். நீங்கள் கேட்பதென்றால் முதலில் லெட் பெல்லியைக் கேளுங்கள். டோனகனைப் பிறகு கேட்கலாம்.