முள் எழும்பாத எஞ்சின்: கராஜுக்குப் புதிதாய் வந்த தம்பிமாருக்கு

கொதித்த எஞ்சினுக்கு ஆட்கள் ஓடி வருவார்கள். குளிர்ந்தே ஓடும் எஞ்சினை ஒருவரும் கொண்டுவர மாட்டார்கள். "மட்டக்களப்பு வெயிலுக்கு நல்லதுதானே, பாஸ்" என்பார்கள். அந்தக் கதையைக் கேட்டு வேலை பழகாதீர்கள்.

1. முதலில் தண்ணீரைப் பாருங்கள். முள் 'சி'யில் கிடந்தால் எஞ்சின் குளிராக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. சென்சர் தண்ணீரில் நனைந்திருந்தால்தான் அதற்குச் சூடு தெரியும். தண்ணீர் வடிந்து அது காற்றில் நின்றால், ஹெட் வெந்துகொண்டிருக்கும்போதும் முள் கீழேயே கிடக்கும். போத்தலைப் பார்த்துவிட்டு 'தண்ணி இருக்கு' என்று சொல்லாதீர்கள். போத்தல் நிறைந்திருக்க ரேடியேற்றர் வெறுமையாய்க் கிடப்பது உண்டு. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். சூட்டோடு திறந்தால் முகம் வெந்துவிடும்.

2. பிழை முள்ளிலா, எஞ்சினிலா என்று பிரியுங்கள். பழைய வாகனங்களில் மீற்றருக்கு ஒற்றை வயர் சென்சர், கொம்பியூட்டருக்கு இரண்டு வயர் சென்சர் என்று தனித்தனியாக இருக்கும். சாவியைப் போட்டு, ஒற்றை வயரைக் கழற்றி ஒரு கணம் பொடியில் தொடுங்கள். முள் 'எச்' பக்கம் எழும்பினால் மீற்றர் நல்லது, பிழை சென்சரில் அல்லது எஞ்சினில். எழும்பாவிட்டால் வயரைத் தேடுங்கள். முள்ளைக் கொம்பியூட்டரே ஆட்டும் புது வாகனங்களில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். இரண்டு வயர் சென்சரை ஓம் மீற்றரில் பாருங்கள். டொயோட்டாவில் பொதுவாக 20 பாகையில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 பாகையில் 200 முதல் 400 ஓம் காட்டும்.

3. மீற்றரும் சென்சரும் சரியென்றால் ஹோஸைத் தொடுங்கள். காலையில், இரவு முழுக்க நின்ற வாகனத்தில். மேல் ஹோஸ் பக்கம் தேர்மோஸ்டாட் வால்வு இருந்தால் அந்த ஹோஸ் கொஞ்ச நேரம் பச்சையாய்க் கிடந்து, பிறகு சட்டென்று சுடவேண்டும். தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் வால்வு திறந்தபடி இறுகிவிட்டது, அல்லது உள்ளே வால்வே இல்லை. சில எஞ்சின்களில் வால்வு கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும். எங்கே என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள். ஃபேனுக்குக் கையைக் கொடுக்க வேண்டாம்.

4. கழற்றிய வால்வைக் கேத்தலில் போடுங்கள். 82 அல்லது 88 என்று அதன் மேலேயே குத்தியிருக்கும். நூலில் கட்டி, அடியில் முட்டாமல் தொங்கவிட்டுத் தண்ணீரைச் சூடாக்குங்கள். உள்ளேயிருக்கும் மெழுகு உருகி வீங்கித்தான் ஊசியைத் தள்ளுகிறது. அந்தச் சூட்டுக்குக் கிட்ட வாய் பிளக்க வேண்டும், ஆறினால் மூட வேண்டும். ஆறிய வால்வை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இடுக்கால் வெளிச்சம் தெரிந்தால் அது குப்பைக்கு. பூட்டும்போது அந்தச் சின்ன ஆடும் ஊசி மேல் பக்கம் வரட்டும். காற்று அதால்தான் வெளியேறும்.

5. வால்வைக் கழற்றி எறிவதை நமது பகுதியில் ஒரு வைத்தியமாகவே செய்கிறார்கள். இதைக் கொஞ்சம் கவனமாய்க் கேளுங்கள். டொயோட்டாவின் கனக்க எஞ்சின்களில் வால்வுக்கு அடியில் இன்னொரு தட்டு இருக்கும். வால்வு திறக்கத் திறக்க அந்தத் தட்டு போய் பைபாஸ் வழியை அடைக்கும். அப்போதுதான் சுடுதண்ணீர் எல்லாம் ரேடியேற்றருக்குப் போகும். வால்வை எடுத்தால் தட்டும் போகிறது. பைபாஸ் எந்நேரமும் திறந்தே கிடக்கும். ஒரு பங்கு தண்ணீர் ரேடியேற்றர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள் சுற்றும். வால்வு இல்லாத வான் ஒன்று ஆரையம்பதிக்கும் டவுனுக்கும் ஓடும்வரை முள் எழும்பாது. அதே வான் செங்கலடியில் ஏ5 வீதிக்குத் திரும்பி, மஹாஓயா, பிபிலை தாண்டி, ஆட்களோடு லுணுகலை ஏற்றத்தில் ஏறும்போது கொதிக்கும். "வால்வே இல்லையே, பிறகென்ன கொதிக்குது?" என்று சாரதி கேட்பார். வால்வு இல்லாததால்தான் என்று அவருக்கு விளங்கப்படுத்த உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

6. ஃபேனைப் பாருங்கள். கொதிக்கும் என்ற பயத்தில் யாரோ சுவிட்சை விட்டு நேரடியாக வயர் இழுத்திருப்பார்கள். சாவி போட்டதும் ஃபேன் சுற்றினால், ஏசியும் போடாமல் இருந்தால், அந்த வயரைத் தேடிப் பிடியுங்கள்.

7. குளிர்ந்த எஞ்சின் பெற்றோல் குடிக்கும். கொம்பியூட்டர் இன்னும் காலை ஸ்டார்ட் என்று நினைத்து அதிகமாய் ஊற்றிக்கொண்டே இருக்கும். 2022இல் கியூஆர் முறையில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று அளந்து கொடுத்த நாட்களில்தான் கனபேருக்கு இது உறைத்தது. அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட்டுகளில் இன்னும் மோசம்: எஞ்சின் சூடாகும்வரை நிற்காது, சந்தியில் நின்றாலும் ஓடிக்கொண்டிருக்கும். சில ஒட்டோ கியர் வாகனங்களில் ஓவர்டிரைவ் விழாது. கியர்பெட்டியை இறக்குவதற்கு முன் தண்ணீர்ச் சூட்டைப் பாருங்கள்.

8. ஒயில் மூடியில் வெள்ளையாய்ப் பசை கண்டதும் ஹெட் கஸ்கட் என்று கத்தாதீர்கள். கல்லடிப் பாலம் தாண்டி வேலைக்குப் போய் வருவதோடு நிற்கும் காரில், சூடேறாத ஒயிலில் ஈரம் தங்கியும் அப்படி வரும். ரேடியேற்றரில் தண்ணீர் குறைகிறதா என்று சில நாள் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

9. வாவிக்கரைக் கிணற்றுத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். சவர்த் தண்ணீர் வால்வின் ஸ்பிரிங்கையும் பம்பையும் அரிக்கும். கூலன்ட் ஊற்றுங்கள், கலக்க வேண்டிய கூலன்ட் என்றால் டிஸ்டில்ட் வாட்டர் கலந்து ஊற்றுங்கள்.

10. புது வால்வு பூட்டிய பின் ஹீட்டரைச் சூட்டுப் பக்கம் திருப்பிவிட்டுக் காற்று எடுங்கள். இந்த ஊரில் யாருக்கு ஹீட்டர் என்று சிரிப்பீர்கள், ஆனால் அந்தக் குழாய்க்குள்ளும் காற்று நிற்கும். எஞ்சின் போதிய சூட்டுக்கு வரவில்லை என்று சொல்லும் பி 0128 கோட் இருந்தால் அழித்துவிட்டு, ஸ்கேனரோடு திருகோணமலை வீதியில் வாழைச்சேனை வரை ஓட்டி வாருங்கள். அதன் பிறகும் 80ஐ எட்டவில்லை என்றால், வாங்கிய வால்வையும் கேத்தலில் போட்டுப் பார்த்து, கடைக்காரரிடம் திருப்பிக் கொண்டுபோங்கள்.