மருந்துக் கடை மாணவர்களுக்கு ஒரு தாய்-சேய் பாடம்

போன வருடம் ஒரு சனிக்கிழமை ராத்திரி. பெருங்குடியில் என் கிளினிக்கைப் பூட்டிவிட்டுக் கிளம்புகிற நேரம். ஐந்து மாதப் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பாட்டி வேகமாக வந்தார். தென்காசிப் பக்கம் கிராமம். மகளும் மருமகனும் ஓ.எம்.ஆரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். பேரனைப் பார்த்துக்கொள்ள வந்தவர்.

"வைத்தியரய்யா, பிள்ளைக்கு மாந்தம் மாதிரி இருக்கு. காய்ச்ச மருந்து ரெண்டு வேளை குடுத்தாச்சு. ஆனாலும் துவண்டு கெடக்கான். ஏதாவது உரை மருந்து குடுங்க."

என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டேன். இடுப்பில் செருகியிருந்த பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினார். பாரசிட்டமால் சொட்டு மருந்து. "எவ்வளவும்மா கொடுத்தீங்க?" "ரெண்டரை எம்.எல். மூத்த பேத்திக்கு ஊர்ல டாக்டர் அப்படித்தான் எழுதினாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேத்திக்கு டாக்டர் எழுதியது சிரப். அதில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் மருந்து. இரண்டரை மில்லி கொடுத்தால் 62.5 மில்லிகிராம்தான் உள்ளே போகும். இவர் கையில் இருந்ததோ சொட்டு மருந்து. அதில் ஒரு மில்லிக்கே 100 மில்லிகிராம்! அதே இரண்டரை மில்லியில் 250 மில்லிகிராம் போய்விட்டது. குழந்தையின் எடை ஆறரை கிலோ. கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று வைத்தாலும் ஒரு வேளைக்கு 100-ஐத் தாண்டக்கூடாது. இப்படியே நாலு வேளை, இரண்டு நாள் போயிருந்தால் ஈரல் என்ன ஆவது?

உரை மருந்தும் இல்லை, ஒன்றும் இல்லை. மூன்றாவது வேளையை நிறுத்தச் சொல்லி, மருமகனைப் போனில் கூப்பிட்டு, பாட்டிலையும் கையில் கொடுத்து எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு அனுப்பினேன். ரத்தப் பரிசோதனையில் கெடுதல் ஒன்றும் இல்லை. இரண்டு நாளில் பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டான். கடைக்காரப் பையன் மருந்தைக் கொடுத்தபோது ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றுதான் எனக்கு அன்று முழுவதும் உறுத்தல்.

பக்கத்திலுள்ள ஒரு பார்மசி கல்லூரியில் டிப்ளமா மாணவர்களுக்கு வருடத்தில் சில நாள் வகுப்பு எடுக்கிறேன். பார்மசி கவுன்சில் 2020-ல் பாடத்திட்டத்தை மாற்றியபோது ‘சமூக மருந்தியல்' என்று ஒரு பாடம் வந்தது. தாய்-சேய் நலம், தாய்ப்பாலின் அவசியம், புட்டிப்பாலின் கெடுதல், தடுப்பூசி எல்லாம் அதில் உண்டு. சித்த வைத்தியனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நான் பாளையங்கோட்டையில் படித்தபோது சூல் மருத்துவமும் குழந்தை மருத்துவமும் எங்களுக்குத் தனித்தனிப் பாடங்கள். அது போக, மருந்துக் கடைக்கு வருகிற முக்கால்வாசிக் குடும்பங்களில் ஒரு பாட்டி இருக்கிறார். அந்தப் பாட்டியின் பாஷை தெரியாமல் தாய்-சேய் நலம் சொல்லிக் கொடுக்க முடியாது.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு வந்த வகுப்பில் நோட்ஸை மூடி வைத்துவிட்டு, ஒரு சொட்டு மருந்து பாட்டிலையும் ஒரு சிரப் பாட்டிலையும் மேசைமேல் வைத்தேன். "ரெண்டும் பாரசிட்டமால்தான். கண்ணை மூடிக்கொண்டு மாற்றிக் கொடுக்கலாமா?" என்றேன். கணக்கைப் போட்டுப் பார்த்ததும் வகுப்பு அமைதியாகிவிட்டது. குழந்தைக்கு மருந்து கேட்டு யார் வந்தாலும் வயதைக் கேட்பதோடு நிறுத்தாதே, எடையைக் கேள். எடை தெரியாவிட்டால் டாக்டரிடம் அனுப்பு. பாட்டிலோடு வருகிற அளவு மூடியையும் ஃபில்லரையும் அவர்கள் எதிரிலேயே எடுத்து, எந்தக் கோடு வரை என்று பேனாவால் குறித்துக் காட்டு. வீட்டு ஸ்பூன் ஒவ்வொன்றும் ஒரு அளவு. வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிற வாசகர்களும் இப்போதே எழுந்துபோய் அலமாரியில் இருக்கிற பாட்டிலின் லேபிளைப் படித்துப் பாருங்கள். இரண்டு விதமும் ஒரே தட்டில் இருந்தால் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

கேட்கக் கூச்சப்படுகிற கேள்வி

தாயைப் பற்றிய பாடத்தில் பையன்கள் எல்லாரும் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. ஒரு பெண் மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக்கோ இபுப்ரோஃபெனோ கேட்கிறாள். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சீட்டோடு வருகிறாள். அவள் கர்ப்பிணியாக இருந்தால் ஐசோட்ரெட்டினாயின் குழந்தையின் உறுப்புகளையே பாதிக்கும். இந்த வலி மாத்திரைகள் இருபது வாரத்துக்குப் பிறகு குழந்தையின் சிறுநீரகத்துக்கு ஆகாது. கடைசி மாதங்களில் இதயத்தின் ரத்தக் குழாய்க்கும் ஆகாது. ரத்தக்கொதிப்புக்குப் போடும் எனலாப்ரில், டெல்மிசார்டான் போன்றவையும் கர்ப்பத்தில் கூடாது. டாக்டரைக் கேட்டு வேறு மாத்திரைக்கு மாற வேண்டும்.

சரி, எப்படிக் கேட்பது? இருபது வயதுப் பையன் ஒரு பெண்ணிடம், கடையில் நாலு பேர் நிற்கும்போது, "நீங்க முழுகாம இருக்கீங்களா?" என்று கேட்டால் அடி விழாதா? வகுப்பே சிரித்தது. கடைசி பெஞ்சில் இருந்து ஒரு மாணவி எழுந்து சொன்னாள்: "சார், கேள்வியா கேக்க வேணாம். ‘இந்த மாத்திரை கர்ப்பமா இருக்கிறவங்களுக்கும் பால் குடுக்கிறவங்களுக்கும் ஆகாதுக்கா, பார்த்துக்குங்க'ன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டா போதும். இருந்தா அவங்களே சொல்லிடுவாங்க." முப்பது வருஷமாக வைத்தியம் பார்க்கிற எனக்கு இது தோன்றவில்லை! இப்போது என் கிளினிக்கிலும் இதே மாதிரிதான் சொல்கிறேன்.

என் துறையையும் விட்டுவைக்கவில்லை. "மூலிகைதானே, பக்க விளைவு இல்லை" என்று சொல்லி விற்பது பெரிய தப்பு. கரியபோளம் கற்றாழைச் சாற்றிலிருந்து வருவதுதான். கர்ப்பிணிக்குக் கூடவே கூடாது. பாதரசம், பாஷாணம் சேர்ந்த செந்தூரங்களும் அப்படியே. நச்சுச் சரக்கு சேர்ந்த சித்த, ஆயுர்வேத மருந்துகளின் லேபிளில் ‘மருத்துவர் மேற்பார்வையில் மட்டும்' என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் அந்த வாசகத்தை ஆங்கிலத்திலும் இந்தியிலும் போட்டால் போதும் என்று விதி. பெருங்குடிப் பாட்டி அதை எப்படிப் படிப்பார்? கடைக்காரர்தான் தமிழில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இரும்புச் சத்து மாத்திரை விஷயம் சாதாரணமாகத் தெரியும், ஆனால் கோட்டை விடுவது இங்கேதான். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே கிடைக்கிறது. நாலாம் மாதத்திலிருந்து தினம் ஒன்றாக 180 நாள், பிரசவத்துக்குப் பிறகு இன்னும் 180 நாள். 60 மில்லிகிராம் இரும்பு, அரை மில்லிகிராம் ஃபோலிக் அமிலம். வாங்கிக்கொண்டு போவார்கள், சாப்பிடமாட்டார்கள். ஏன்? மலம் கறுப்பாகப் போகிறது என்று பயம். வாந்தி, மலச்சிக்கல் வேறு. கறுப்பாகப் போவது சகஜம் என்று கொடுக்கும்போதே சொல்லிவிட்டால் பாதிப் பேர் நிறுத்தமாட்டார்கள். சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தால் சத்து உடம்பில் ஒட்டாது. கால்சியம் மாத்திரையோடு சேர்த்தும் விழுங்கக்கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சை, நெல்லிக்காய் கூட இருந்தால் நல்லது.

சேனை, தேன், டின் பால்

குழந்தைப் பாடத்தில் முதலில் பிள்ளைத்தமிழைச் சொல்வேன். மாணவர்கள் முழிப்பார்கள். ஐந்தாம் மாதம் செங்கீரை, ஒன்பதாம் மாதம் சப்பாணி, பதிமூன்றாம் மாதம் வருகை. தலையை நிமிர்த்தி ஆட்டுவது, உட்கார்ந்து கை கொட்டுவது, தளர்நடை போட்டு வருவது என்று குழந்தையின் வளர்ச்சியை நம் புலவர்கள் மாதக் கணக்கில் பார்த்து வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு டாக்டர் போடுகிற வளர்ச்சி அட்டவணையும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். ஒன்பது பத்து மாதமாகியும் உட்காராத குழந்தைக்கு டானிக் கேட்டு வருபவரை, டானிக் விற்காமல் டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்பது இதில் உள்ள பாடம்.

பழைய பழக்கமெல்லாம் இப்படி நல்லதாக இருந்துவிட்டால் கஷ்டமில்லை. பிறந்தவுடன் சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், மூக்கில் எண்ணெய் ஊதுவது எதுவும் வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். நம் ஊர் வெயிலிலும் சொட்டுத் தண்ணீர் தேவையில்லை. தேன் விஷயத்தில் நானே குற்றவாளி. தொழில் ஆரம்பித்த காலத்தில் கைக்குழந்தைக்கும் மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுக்கச் சொன்னவன்தான். அனுபானம் என்றால் தேன் என்றுதான் படித்திருந்தோம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து, ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைத் தளர்த்துகிற விஷத்தை உண்டாக்கும் என்று பிறகு படித்தேன். அன்றோடு நிறுத்திவிட்டேன். ஒரு வயது முடியும்வரை தேன் கிடையாது. வசம்பும் அப்படித்தான். பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் இருக்கிறதே தவிர, அளவு மீறினால் வாந்தி வரும். உரை மாத்திரை, படித்த சித்த மருத்துவர் குழந்தையைப் பார்த்துத் தந்தால் ஒழிய வேண்டாம்.

டின் பால் பற்றி 1992-ல் மத்திய அரசு சட்டமே போட்டிருக்கிறது. விளம்பரம் செய்யக்கூடாது, இலவசமாகவோ சலுகையிலோ தரக்கூடாது, தாய்ப்பாலே சிறந்தது என்று டின்னில் அச்சிட வேண்டும். கடை வாசலில் டின்னைக் கோபுரமாக அடுக்கி வைப்பதும் விளம்பரம் மாதிரிதான் என்றேன். மாணவர்களுக்கு ஆச்சரியம். "சார், எங்க ஊர்க் கடையில அப்படித்தான் இருக்கு" என்றான் ஒருவன்.

இருமல் சிரப்புக்கு இனி அறிமுகம் தேவையில்லை. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பிஞ்சுகள் சிறுநீரகம் செயலிழந்து போனார்கள். அந்த கோல்ட்ரிஃப் சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாட்டுப் பரிசோதனையில் அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்கிற விஷம் இருப்பது தெரிந்தது. விஷம் கலந்திருப்பது கடைக்காரருக்குத் தெரிய வாய்ப்பில்லைதான். ஆனால் இரண்டு வயதுக்குள் இருமல், சளி சிரப் தரவே கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாகத் தேவையே இல்லை என்று மத்திய அரசு அறிவுறுத்தியிருக்கிறது. அது தெரியலாமே? சின்னக் குழந்தையின் சாதாரண சளி இருமல் பெரும்பாலும் தானாகவே அடங்கும். மூச்சு வேகமாக இருந்தாலோ, நெஞ்சு உள்ளே குழி விழுந்தாலோ, பால் குடிக்காவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிதான்.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கரைத்து 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். டம்ளருக்குக் கொஞ்சம் கொட்டிக் கலக்கினால் உப்பு கூடிவிடும். கூடவே துத்தநாக மாத்திரை 14 நாள். ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், அதற்குக் கீழே, இரண்டு மாதம் முதல், 10. போக்கு நின்றாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் விற்ற இனிப்புப் பானங்களுக்கு அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டுவிட்டது.

வகுப்பின் கடைசி அரை மணி நேரம் நாடகம். ஒருவர் கடைக்காரர், ஒருவர் பாட்டி. அன்று பாட்டி வேஷம் போட்ட பையன் விடாமல் அடம் பிடித்தான்: "இருமல் சிரப் குடுய்யா, பக்கத்துக் கடையில குடுக்கிறான்!" கடைக்காரராக நின்றவள், முன்பு யோசனை சொன்ன அதே மாணவி. "பாட்டி, பேரனுக்கு என்ன வயசு? எடை என்ன? எத்தனை நாளா இருமல்? பால் நல்லா குடிக்கிறானா?" என்று நிதானமாகக் கேட்டுவிட்டு, கடையை விட்டு இறங்கி வந்து குழந்தையாக வைத்திருந்த தலையணையின் சட்டையை விலக்கி, மூச்சை எண்ண ஆரம்பித்தாள்.